முகம் காணா நட்பு

புகைப்படக் கலை எவ்வாறு தோன்றியது என்பதைப் பாடநூல்கள் சொல்கின்றன. எடுத்த படத்தை மனிதன் என்ன செய்தான் என்பதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் குறைவு. பெரும்பாலோர் அதை இன்னொருவருக்குக் காட்டவே விரும்பினார்கள். அந்த இன்னொருவர் உறவினராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இன்று கைப்பேசியில் எடுத்த படத்தை, பெயர்கூடத் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரு நொடியில் அனுப்பிவிட்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று காத்திருக்கிறோம். இணையம் வந்த பிறகு பிறந்த பழக்கம் இது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு வயது ஏறத்தாழ 180 ஆண்டுகள்.

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரில் டாகுவேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, ஒளி படச் செய்து, பின் பாதரச ஆவியில் படத்தைத் தோன்றச் செய்யும் முறை அது. படம் வியக்கத்தக்க நுட்பத்துடன் இருக்கும். ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். அதிலிருந்து பிரதி எடுக்க வழியில்லை. நண்பருக்குக் கொடுத்துவிட்டால் நம்மிடம் இராது. இங்கிலாந்தில் டால்பட் 1841-ல் காப்புரிமை பெற்ற முறையில் காகிதத்தில் முதலில் நெகடிவ் உண்டாகும். அதிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். காகித நார்களின் காரணமாகப் படம் சற்று மங்கல்தான். இருந்தாலும் படத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது என்ற பேச்சுக்கே இடம் கொடுத்தது இந்த மங்கலான காகிதம்தான்.

அதைவிடவும் எளிய முறை ஒன்றை 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தார். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகிய இரண்டின் கரைசல்களையும் கலந்து காகிதத்தில் பூசி, அதன் மீது ஓர் இலையை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். பிறகு நீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகும். இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். காமிரா தேவையில்லை, இருட்டறையும் தேவையில்லை. கட்டட வரைபடங்களை நாம் 'புளூ பிரிண்ட்' என்று அழைத்தது இம்முறையால்தான். அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி, இங்கிலாந்தின் கடற்பாசிகளை ஒவ்வொன்றாக இம்முறையில் பதிவு செய்து, 1843-லிருந்து பத்தாண்டுக் காலம் பகுதி பகுதியாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளும் அவரே வெயிலில் காட்டி எடுத்தது. முழுத் தொகுப்பில் ஏறத்தாழ 400 தாள்கள் உண்டு. அதை அவர் கடையில் விற்கவில்லை. தாவரவியலில் ஈடுபாடுள்ள நண்பர்களுக்கும், ஹெர்ஷல், டால்பட் போன்ற அறிஞர்களுக்கும், அறிவியல் நிறுவனங்களுக்கும் கொடுத்தார். சுமார் 20 பிரதிகளே இன்று அறியப்பட்டுள்ளன. புகைப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூல் இது என்று சொல்வது வழக்கம். பெற்றுக்கொள்பவர் அந்தப் பாசியின் அருமையை அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கிருந்த கவனம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

1851-ல் ஆர்ச்சர் என்ற சிற்பி, கொலோடியன் பூசிய கண்ணாடியில் நெகடிவ் எடுக்கும் முறையை வெளியிட்டார்; அதற்கு அவர் காப்புரிமை எதுவும் கோரவில்லை. கண்ணாடியின் தெளிவும் பிரதி எடுக்கும் வசதியும் ஒன்று சேர்ந்தன. வசதியும் ஓய்வும் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இக்கலையில் இறங்கினார்கள். 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் ஏற்பட்டது. அதன் உறுப்பினர்களில் ஒரு சிறு குழுவினர் தங்களுக்குள் படங்களை மாற்றிக்கொண்டு, 1855-லும் 1857-லும் அவற்றை ஆல்பங்களாகத் தொகுத்தார்கள். படத்துடன், அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பன போன்ற விவரங்களும் அச்சிடப்பட்டன. படம் நன்றாயிருக்கிறது என்று கேட்பதோடு அவர்களுக்கு ஆவல் அடங்கவில்லை. எப்படி எடுத்தாய் என்று இன்னொருவன் கேட்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டும். ஒரு தொழில்நுட்பத்தில் இரவு பகலாக உழல்பவர்களுக்கு இந்தக் கேள்வியைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இதற்கு நடுவே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சில ஆண்டுகளிலேயே படங்கள் மஞ்சளித்து மறையத் தொடங்கின. 1855-ல் சங்கம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இதற்கு 50 பவுன் கொடுத்தார். படத்தை நிலைப்படுத்தப் பயன்படும் ஹைப்போ சரிவர அலசப்படாமல் காகிதத்தில் தங்குவதும், கந்தகமும், ஈரமுமே முக்கியக் காரணங்கள் என்று குழு கண்டது. நுண்ணிய வெள்ளித் துகள்கள் கந்தகத்தோடு சேர்ந்து சில்வர் சல்பைடாக மாறுகின்றன. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வினைதான். படத்தில் துகள்கள் மிகச் சிறியவை என்பதால் கறுப்புக்குப் பதிலாக மஞ்சள் தெரிகிறது.

இந்த ஆர்வம் இந்தியாவுக்கு வரவும் நாளாகவில்லை. பம்பாயில் 1854-லும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-லும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைச் சங்கத்துக்கு வித்திட்டவர் கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர். அக்காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 1858-ல் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். தஞ்சாவூருக்கு வரமுடியாத அறிஞரும் கல்வெட்டை மேசையில் விரித்துப் பார்க்கலாம் அல்லவா!

ஆனாலும் நம் காலத்துக்கு மிக நெருங்கி வருவது அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஏற்பாடு. 1861-ல் நியூயார்க்கில் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் பரிமாற்றச் சங்கம் ஒன்று தொடங்கியது. உறுப்பினர் எண்ணிக்கை இருபதுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொருவரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மற்ற எல்லா உறுப்பினர்களுக்கும் தம் கையால் எடுத்த ஒரு படத்தையாவது தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பியவை 'ஸ்டீரியோ' படங்கள். இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர் தூரம் இருப்பதால், ஒவ்வொரு கண்ணும் உலகைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. அதே இடைவெளியில் இரு படங்களை எடுத்து, இடக் கண்ணுக்கு ஒன்றும் வலக் கண்ணுக்கு ஒன்றுமாகக் காட்டினால் காட்சி ஆழத்துடன் எழுந்து நிற்கும். இந்தத் தத்துவத்தை 1838-ல் விளக்கியவர் வீட்ஸ்டன். இயற்பியல் மாணவர்கள் அவரை மின்தடை அளக்கும் 'வீட்ஸ்டன் பாலம்' வழியாக அறிவார்கள். இப்படங்களைக் கையில் பிடித்துப் பார்க்க எளிய கருவி ஒன்றை அமைத்தவர் பாஸ்டன் நகர மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அவரும் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. நகரந்தோறும் இப்படங்களுக்கு நூலகங்கள் அமைய வேண்டும், மக்கள் படங்களை நாணயம்போல் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 1859-லேயே அவர் கனவு கண்டார்.

அதே ஹோம்ஸ் 1863-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். படங்களை மாற்றிக்கொள்பவர்களைப் பற்றி அதில் அவர் கவனித்த விஷயம் கூர்மையானது. ஒருவரையொருவர் ஒருமுறைகூட நேரில் சந்திக்காத இருவர், படங்களின் வழியே நெருங்கிப் பழகுகிறார்கள். ஒருவர் வீட்டு வாசல், தோட்டம், அவர் நடக்கும் பாதை எல்லாம் மற்றவருக்குப் பழக்கமாகிவிடுகின்றன. இது ஒரு புதிய வகை நட்பு என்கிறார் அவர். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே நட்புக் கொண்ட செய்தி நமக்குப் பள்ளிப் பாடம். பாஸ்டன் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. புலவருக்கும் அரசனுக்கும் செய்யுள் செய்த வேலையை இவர்களுக்குச் சில்வர் நைட்ரேட் செய்தது எனலாம்.

இக்கட்டுரையை நான் மறக்க முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. அதை அவர் எழுதியபோது அமெரிக்கா உள்நாட்டுப் போரில் இருந்தது. 1862 செப்டம்பரில் ஆண்டீட்டம் போர்க்களத்தில் ஹோம்ஸின் மகன் கழுத்தில் குண்டடிபட்டார். மகனைத் தேடித் தந்தை போர்க்களத்துக்கே போனார், மகன் பிழைத்தார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் புகழ்பெற்றவர் அவர். அதே போர்க்களத்தில் சிதறிக் கிடந்த உடல்களின் படங்கள் அடுத்த மாதமே நியூயார்க்கில் பிராடியின் காட்சிக் கூடத்தில் வைக்கப்பட்டன. அப்படங்களைக் கையில் வாங்கிய ஹோம்ஸுக்குப் பார்த்ததெல்லாம் மீண்டும் கண்முன் வந்தது. தாங்க முடியாமல் அவற்றை அலமாரியில் உள்ளே தள்ளி வைத்துவிட்டார். உலகமெல்லாம் படங்கள் கைமாற வேண்டும் என்று விரும்பிய மனிதர், சில படங்களை மட்டும் கண்ணில் படாமல் மறைத்தார். ஆனால் போர் இப்படித்தான் இருக்கும் என்பதை மக்கள் அறியவேண்டும் என்பதையும் அதே கட்டுரையில் அவர் மறுக்கவில்லை. இன்று கலவரத்தின் படமோ விபத்தின் படமோ நம் கைப்பேசிக்கு வந்து சேரும்போது, அனுப்புவதா அழிப்பதா என்று விரல் தயங்கும் அந்தக் கணம் 1862-லேயே ஒருவருக்கு நேர்ந்திருக்கிறது.

போர் நீடிக்க நீடிக்கச் சங்கம் கலைந்து போயிற்று. பழக்கம் கலையவில்லை. 1888-ல் ஈஸ்ட்மனின் கொடாக் காமிரா வந்தது. விலை 25 டாலர், உள்ளே நூறு படங்களுக்கான சுருள். அதன்பின் ரசாயனம் தெரியாதவரும் படமெடுக்கலாம் என்றாயிற்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தபால் வழிக் குழுக்கள் வளர்ந்தன. படங்கள் அடங்கிய ஒரு பெட்டி உறுப்பினர் வீடுகளைச் சுற்றி வரும். பெட்டி வந்ததும், சென்ற சுற்றில் தாம் வைத்த படத்தையும் அதன் மீது மற்றவர்கள் எழுதிய விமரிசனத்தையும் எடுத்துக்கொண்டு, புதிய படம் ஒன்றை வைத்து, பிறர் படங்களைப் பற்றித் தம் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். தன் படத்தைப் பற்றிய நாலு வரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள்.

தபால்காரரின் வேலையை மின்சாரம் ஏற்க வேண்டுமானால் முதலில் படம் எண்களாக மாறவேண்டும். 1969-ல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கிய சி.சி.டி. என்னும் அரைக்கடத்திச் சாதனம், விழும் ஒளிக்கேற்ப மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து வரிசையாக வெளியே தந்தது. 2009-ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975-ல் கொடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் இதைக் கொண்டு ஒரு காமிராவைக் கட்டினார். ஒரு படம் நாடாவில் பதிவாக 23 வினாடி பிடித்தது.

எடுத்தாகிவிட்டது; அனுப்புவது எப்படி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சம் புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்துக்கு, புள்ளிக்கு 3 பைட் வீதம் 60 லட்சம் பைட் தேவை. 1990-களின் கடைசியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே வினாடிக்கு அதிகமாகப் போனால் 7,000 பைட் போகும். ஒரு படத்துக்கு 14 நிமிடம்! யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கும்? இச்சிக்கலைத் தீர்த்த கணிதம் 1974-லேயே வெளிவந்திருந்தது. அதை எழுதிய மூவர் பெங்களூரில் பிறந்த நாஸிர் அகமது, நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற கே. ஆர். ராவ். இதற்காக அகமது 1972-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் கேட்ட உதவித்தொகை மறுக்கப்பட்டிருந்தது. 1992-ல் ஏற்கப்பட்ட 'ஜேபெக்' முறை இவர்கள் கணிதத்தின் மேல் நிற்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும், மெதுவாக மாறும் அலைகள், விரைவாக மாறும் அலைகள் என 64 வகை அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். விரைவாக மாறும் நுண்ணலைகளைக் குறைத்தாலும் நம் கண் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அவற்றைத் தள்ளிவிட்டால் பத்தில் ஒரு பங்கு இடம் போதும். 14 நிமிடம் ஒன்றரை நிமிடமாகச் சுருங்கிவிடும். ஹோம்ஸின் கனவு நனவாக இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு சிறு நிறுவனம் இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. விளையாட்டு கைகூடவில்லை, அதற்காகச் செய்த கருவிகளிலிருந்து 2004 பிப்ரவரியில் ஃபிளிக்கர் பிறந்தது. அதற்கு முன்பும் இணையத்தில் படங்களை வைக்க இடங்கள் இருந்தன. அவை பெரும்பாலும் குடும்பத்தாருக்குக் காட்டவும் பிரதிகள் வாங்கவும் ஏற்பட்டவை. ஃபிளிக்கரில் வைத்த படத்தை, மறைக்கச் சொன்னாலன்றி, எவரும் பார்க்கலாம். படத்துக்குக் குறிச்சொற்கள் எழுதலாம். பழைய பூட்டுகள் மட்டும் எடுப்பவர்கள், மேகங்கள் மட்டும் எடுப்பவர்கள் என்று குழு சேரலாம். காமிரா, லென்ஸ், ஒளிபட்ட நேரம் ஆகிய விவரங்களும் படத்துடன் வரும். 1855-ஆம் ஆண்டு ஆல்பத்தில் அச்சான அதே வகை விவரங்கள்தாம். இப்போது காமிராவே எழுதிவிடுகிறது. கிராமத்தில் தனியாக மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, அதே பைத்தியம் பிடித்த இன்னும் சில நூறு பேர் உலகில் உண்டு என்று தெரிவது சாதாரண விஷயமல்ல. கவர்ச்சியின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதனால் வெறும் மகிழ்ச்சிக்கு மேலும் சில பயன்கள் விளைந்தன. 2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் சேமிப்பிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய படங்களை ஃபிளிக்கரில் வைத்தது. இடமும் ஆளும் தெரியாத படங்களைப் பார்த்துப் பொதுமக்கள் பெயரும் ஊரும் சொல்லத் தொடங்கினர். அவ்வாண்டு முடிவதற்குள் 500-க்கும் மேற்பட்ட பதிவுகளை நூலகம் அவர்கள் சொன்னபடி சரிபார்த்துத் திருத்தியது.

மற்றொரு நிகழ்ச்சி மலேசியாவில் நடந்தது. 2011-ல் குயெக் ஹாக் பிங் என்பவர் கோலாலம்பூருக்கு அருகே காட்டில் ஒரு பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படமெடுத்தார். அசுவினியைத் தின்று உழவருக்கு உதவும் பூச்சிகளின் உறவு இது. படமெடுத்ததும் பூச்சி பறந்துவிட்டது. படத்தை அவர் ஃபிளிக்கரில் வைத்தார். கலிபோர்னியாவில் இருந்த பூச்சியியல் அறிஞர் ஷான் விண்டர்டன் தற்செயலாக அதைக் கண்டார். இறக்கையின் அடிப்பகுதியில் கறுப்பும் நீலமுமாக இருந்த அமைப்பு அவர் அறிந்த எந்த இனத்திலும் இல்லை. அவர் எழுதிக் கேட்க, குயெக் மறுபடி காட்டுக்குச் சென்றார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு பூச்சி கிடைத்தது. அதை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஸ்டீபன் புரூக்ஸ் ஆராய்ந்து புதிய இனம் என்று உறுதி செய்தார். பல ஆண்டுகளாக அங்கேயே பெயரின்றி இருந்த இன்னொரு மாதிரியும் அகப்பட்டது! 2012-ல் மூவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுரையில் அது 'செமக்ரைசா ஜேட்' என்று பெயர் பெற்றது. மூன்று கண்டங்களில் இருந்தவர்கள் ஒரு படத்தால் இணைந்த கதை இது. அட்கின்ஸ் அம்மையாருக்கு இது வியப்பாக இருந்திராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010 அக்டோபரில் வந்த இன்ஸ்டகிராமில், படத்தைத் தொட்டால் ஒரு இதயக்குறி. எத்தனை இதயம் என்று கீழே ஓர் எண். நாலு வரி எழுதியவர் இப்போது ஒரு விரலால் தட்டிவிட்டு நகர்கிறார். 2016-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 32 வளரிளம் பருவத்தினரை மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் கொடுத்த படங்களையே காட்டினார்கள். இதயக்குறிகளின் எண்ணிக்கையை ஆய்வாளர்களே இஷ்டம்போல் அமைத்திருந்தார்கள். தம் படத்துக்கு எண் பெரிதாக இருந்தபோது, இனிப்பும் பணமும் தூண்டும் அதே மூளைப் பகுதி கிளர்ந்தது. பிறர் படங்களிலும் எண் பெரிதாக இருந்தவற்றையே அவர்கள் அதிகம் விரும்பினார்கள். 2019-ல் அந்நிறுவனமே சில நாடுகளில் எண்ணை மறைத்துப் பார்த்தது. 2021-லிருந்து வேண்டுவோர் மறைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், எண்ணைப் பார்த்துக் கிளர்வது மனித இயல்பு. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எப்படி எடுத்தாய் என்ற கேள்வி அந்த எண்ணில் இல்லை என்பதே என் வருத்தம்.

படம் மறைந்துபோகும் பழைய சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. புகைப்படக்காரர்கள் பலர் கூடியிருந்த கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது, அங்கிருந்தவை அழிக்கப்பட்டன. ஃபிளிக்கர் கைமாறிய பின், இலவச உறுப்பினர் ஆயிரம் படங்களுக்கு மேல் வைக்கக்கூடாது என்று 2018-ல் அறிவித்தது. ஹைப்போவை அலசாததால் அழிந்த படத்துக்கும், நிறுவனம் மூடியதால் அழிந்த படத்துக்கும் பார்ப்பவருக்கு என்ன வேறுபாடு? அட்கின்ஸின் நீலத் தாள்களோ பல வீடுகளில், பல நூலகங்களில் பிரிந்து கிடந்ததால்தான் இன்றும் இருக்கின்றன.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் ஹெர்ஷலின் முறையை மாணவர்களைக் கொண்டு செய்து பார்த்தேன். வேப்பிலை, முருங்கை இலை, ஒரு கோழி இறகு. வெயிலில் எட்டு நிமிடம். காகிதத்தில் நீலம் நன்றாக ஏறியது. அலசத் தொடங்கியதும் வெளிறிப்போயிற்று. கரைசலில் பிழை என்று நினைத்து இருமுறை புதிதாகக் கலந்தேன். பயனில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த வெளிறிய முருங்கை இலையைக் கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் வைத்துவிட்டாள். எனக்குச் சற்றுக் கோபம்தான். தோற்ற சோதனையை ஊருக்குக் காட்டுவார்களா? இதயக்குறிகள் பன்னிரண்டோ பதினாலோ வந்தனவாம். மறுநாள் காலை, எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார்: ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசுகிறீர்களா, அதில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டுப் பாருங்கள் என்று. எங்கள் ஆய்வகக் குழாயில் வருவது ஆழ்துளை நீர்தான். காரத்தன்மை கொண்ட நீரில் அந்த நீலம் சிதையும் என்பது எனக்குத் தெரியும்; பாடமாக நடத்தியும் இருக்கிறேன். குழாயைத் திறந்தபோது நினைவுக்கு வரவில்லை. அன்று மதியம் உணவகத்திலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னேன்.